வீட்டுக்கு ஒரு வண்டி: காரைத் தாழ்த்தலாமா? விருத்தாசலம் ரோட்டில் ஒரு ஸ்பிரிங் கணக்கு

இன்ஸ்டாகிராமில் கார் ரீல்ஸ் பார்க்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு என்றைக்காவது ஒருநாள் வந்தே தீரும். "அப்பா, நம்ம காரைக் கொஞ்சம் இறக்கிடலாமா? லுக் வேற லெவல்ல இருக்கும்."

இறக்குவது என்றால் விற்பதில்லை. காரின் உடல், தரைக்கு இன்னும் நெருக்கமாக வரும்படி ஸ்பிரிங்கை மாற்றுவது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி குறைந்து, வண்டி பதுங்கிய புலிபோல நிற்கும். அழகுதான், மறுக்க முடியாது. ஆனால், வீட்டில் இருப்பது ஒரே ஒரு கார். அதில்தான் ஆயா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதில்தான் சரக்கும் ஏற வேண்டும், சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் ஓட வேண்டும். அப்படிப்பட்ட காருக்கு இது சரிப்படுமா? சரிப்படும் என்றால் எந்த ஸ்பிரிங், எத்தனை மில்லிமீட்டர்?

இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்க விருத்தாசலத்தைவிடத் தோதான ஊர் கிடைப்பது கஷ்டம். நெய்வேலி சுரங்கப் பக்கத்துக் களிமண்ணை வைத்துப் பீங்கான் செய்யும் ஊர். செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்வி நிலையம், ஃபியூஸ் கட்டை முதல் பொம்மை வரை வேகும் சூளைகள் எல்லாம் உண்டு. ஒருபக்கம் கடலூர், மறுபக்கம் சின்னசேலம், வடக்கே உளுந்தூர்பேட்டை என்று நாலா திசையிலும் ரோடு பிரிகிறது. கரும்பு டிராக்டர், களிமண் லாரி, ரோட்டில் காயும் உளுந்தும் கம்பும், ஊருக்கு ஊர் வேகத்தடை என்று ஒரு ஸ்பிரிங்குக்கு வைக்க வேண்டிய எல்லாப் பரீட்சையும் இங்கே ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

முதலில், எதற்காக இறக்குகிறார்கள்?

ரேஸ் கார்கள் தாழ்ந்திருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. வளைவில் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சாயும். எடையின் மையப்புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சாய்வு. சிறிய காரில் அந்தப் புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 550 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், 30 மி.மீ. இறக்குவதால் சாயும் எடையில் சுமார் 20-ல் ஒரு பங்கு குறையும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அது பெரிய லாபம். விருத்தாசலம் கடைவீதியில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்த லாபம் கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. அதே மோட்டார் விளையாட்டில் ராலி கார்களைக் கவனியுங்கள். மண்ரோட்டில் ஓடும் அந்தக் கார்களை யாரும் தாழ்த்துவதில்லை, உயர்த்தித்தான் ஓட்டுகிறார்கள். ஆக, வேகமான கார் என்றாலே தாழ்ந்த கார் என்பது பாதி உண்மை. எந்த ரோட்டில் ஓடுகிறதோ, அந்த ரோட்டுக்கு ஏற்ற உயரம்தான் நல்ல உயரம்.

ஸ்பிரிங் வகைகள்: மூன்று நல்லவை, ஒன்று ஆபத்து

*ஃபிக்ஸட் லோயரிங் ஸ்பிரிங்:* கம்பெனி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அதைவிடக் குட்டையான, கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்கைப் போடுவது. பழைய ஷாக் அப்சார்பர் அப்படியே இருக்கும். 30, 40 மி.மீ. என்று எவ்வளவு இறங்கும் என்பது ஸ்பிரிங் செய்யும்போதே முடிவாகிவிட்டது. பிறகு மாற்ற முடியாது.

*அட்ஜஸ்டபிள் லோயரிங் ஸ்பிரிங்:* ஸ்பிரிங் உட்காரும் தட்டில் மரை இருக்கும். தட்டைத் திருகினால் கார் ஏறும், இறங்கும். கம்பெனி ஷாக்கை மாற்ற வேண்டாம் என்பது இதன் வசதி. ஜெர்மனியின் ஹெச் அண்ட் ஆர் கம்பெனி 'வி.டி.எஃப்' என்ற பெயரிலும், கே.டபிள்யூ. கம்பெனி 'ஹெச்.ஏ.எஸ்' என்ற பெயரிலும் இதை விற்கின்றன. பெரும்பாலும் பி.எம்.டபிள்யூ., ஆடி, போர்ஷே மாதிரியான கார்களுக்காகச் செய்யப்படுபவை.

*காயிலோவர்:* ஸ்பிரிங், ஷாக் இரண்டும் ஒருவருக்கொருவர் பொருத்தமாகச் சேர்ந்தே வரும் செட். இதிலும் இரண்டு ரகம். சாதாரண ரகத்தில் ஸ்பிரிங் தட்டு மட்டும்தான் ஏறி இறங்கும். அதிகமாக இறக்கினால், ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து தன் இடத்தைவிட்டு நகரக்கூடும். மேலான ரகத்தில் ஷாக்கின் அடிப்பகுதியே தனியாகத் திருகி ஏறும், இறங்கும். உயரத்தை மாற்றினாலும் ஷாக்கின் உள்ளே தண்டு ஓடும் தூரம் அப்படியே இருக்கும். விலை, ஸ்பிரிங் மட்டும் வாங்குவதைப்போலப் பல மடங்கு.

*வெட்டிய ஸ்பிரிங்:* இதுதான் ஆபத்து. "ஒரு சுத்தைக் கட் பண்ணிட்டா போதும் தம்பி, நூறு ரூபாய் வேலை" என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். 6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மீதி 5. ஸ்பிரிங்கின் கடினம் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர்மாறாகப் போகும் என்பதால், 20 சதவிகிதம் கடினமாகிவிடும். வெட்டிய நுனி தட்டில் சரியாக உட்காராது. சிலர் கேஸ் வைத்துச் சுட்டு அமுக்குவார்கள். அது இன்னும் மோசம். சூளை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுட்ட பீங்கான் மறுபடி களிமண் ஆகாது. நெருப்பு பட்டால் பொருளின் குணமே மாறிவிடும். பதம் பார்த்துச் செய்த ஸ்பிரிங் எஃகைப் பழுக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். பிறகு அது என்றைக்கு உட்காரும், என்றைக்கு உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பேப்பர், பேனா எடுங்கள்

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை. வீட்டில் ஒரு மாருதி ஸ்விஃப்ட். கல்லூரி முடித்த மகனுக்குக் காரை 40 மி.மீ. இறக்க ஆசை. அப்பாவுக்குக் கார்த்திகை சீசனில் அகல் விளக்குப் பெட்டிகளைக் கடலூர் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆயாவுக்கு முழங்கால் வலி.

சரக்கும் ஆளும் ஏறாத ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ. இதில் முன்னால் இருவர், பின்னால் இருவர், டிக்கியில் பெட்டிகள் ஏறுகின்றன. பின்சக்கரங்களின் மேல் மட்டும் கூடுதலாக 160 கிலோ என்று வைப்போம். பின்பக்கம் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 2 கிலோவுக்கு 1 மி.மீ. அமுங்கும் என்றால், இரண்டும் சேர்ந்து 4 கிலோவுக்கு 1 மி.மீ. ஆக, பின்பக்கம் 40 மி.மீ. தாழும். முன்பக்கம் 10 மி.மீ. தாழ்வதாகக் கொண்டால் காரின் நடுப்பகுதி 25 மி.மீ. இறங்கும். மிச்சம் 138 மி.மீ.

இப்போது வேகத்தடைக்கு வருவோம். இந்தியச் சாலைகள் குழுமத்தின் விதிப்படி, வட்ட வடிவ வேகத்தடை என்றால் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். ஸ்விஃப்ட்டின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 2.45 மீட்டர்தான். அதாவது, கார் நட்டநடுவில் இருக்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயேதான் இருக்கும். கணக்குப் போட்டால், மேட்டின் உச்சி சக்கரங்களைவிட வெறும் 44 மி.மீ.தான் உயரம். 138-ல் 44 போனால் 94. ஜம்மென்று தாண்டிவிடலாம். 40 மி.மீ. இறக்கிய காரும்கூட இதைத் தாண்டிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், எல்லா வேகத்தடையும் விதிப்படி இருப்பதில்லை. ஊர்க்காரர்களே சேர்ந்து போட்டதுபோலக் குறுகலாக, செங்குத்தாக நிற்கும் மேடு எத்தனை பார்த்திருப்பீர்கள்? அந்தக் குறுகிய மேடு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே அப்படியே அடங்கிவிடும். அப்போது அதன் முழு உயரமும் கணக்கில் வரும். 120 மி.மீ. உயர மேடு என்று வையுங்கள்.

கம்பெனி ஸ்பிரிங்: மிச்சம் 138. மேடு 120. 18 மி.மீ. இடைவெளியில் தப்பிக்கலாம்.

40 மி.மீ. இறக்கிய, 30 சதவிகிதம் கடினமான ஸ்பிரிங்: 163-ல் 40 போனால் 123. ஸ்பிரிங் கடினம் என்பதால் அதே சுமைக்கு நடுப்பகுதி 25-க்குப் பதில் 20 மி.மீ.தான் தாழும். மிச்சம் 103. மேடு 120. அடிவயிற்றில் 'கர்ர்ர்' என்ற சத்தம் நிச்சயம்.

20 மி.மீ. மட்டும் இறக்கினால்: மிச்சம் 123. மேடு 120. இடைவெளி 3 மி.மீ. ஒரு பீங்கான் கப்பின் விளிம்பு அளவு. அதுவும் கார் துள்ளாமல், குதிக்காமல் ஊர்ந்தால் மட்டும்.

இது எளிமையாக்கிய கணக்குதான். காரின் மிகத் தாழ்ந்த பாகம் எப்போதும் நட்டநடுவில் இருக்காது. சில கார்களில் அது முன்பக்க ஆயில் சம்ப்புக்கு அருகே இருக்கும். ஆனால், முடிவு மாறாது. கார் எவ்வளவு இறங்கலாம் என்பதை முடிவு செய்வது ஸ்பிரிங் கம்பெனி அல்ல. நீங்கள் தினமும் தாண்டும் மேடுகளிலேயே மோசமான மேடு.

வீட்டிலேயே செய்யும் சோதனை

இதற்கு மெக்கானிக் தேவையில்லை. டேப், நூல், இரண்டு குச்சி போதும்.

1. வழக்கமாக ஏறுகிறவர்கள், வழக்கமாக ஏறும் சரக்கு எல்லாம் காரில் இருக்கட்டும். சமதளத்தில் நிறுத்தி, அடியில் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து தரைவரை அளவெடுங்கள்.

2. நீங்கள் போகும் வழியிலேயே மோசமான வேகத்தடையை, வண்டி வராத நேரம் பார்த்து அளக்க வேண்டும். மேட்டின் இரு பக்கமும் குச்சி நட்டு, நூலை மட்டமாக இழுத்துக் கட்டி, உச்சியின் உயரத்தைக் கண்டுபிடிக்கலாம்.

3. முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். கார் அமுங்கித் துள்ளுவதற்காக இன்னும் 20, 30 மி.மீ. ஒதுக்குங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் இறக்கக்கூடிய அளவு. பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால், பதில் கிடைத்துவிட்டது.

ஷாக்குக்கும் ஒரு ஆயுசு உண்டு

கார் குலுங்காமல் போவதற்குச் சக்கரம் மேலே போய் வர இடம் வேண்டும். கம்பெனி அமைப்பில் சக்கரம் மேலே 70 மி.மீ. போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. இறக்கிவிட்டால் மிச்சம் 30. அதற்குமேல் போனால் ஷாக் தண்டிலுள்ள பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். ஆயாவின் இடுப்பு அந்த இடியை முதலில் சொல்லும். டிக்கியில் உள்ள அகல் விளக்குகள் அடுத்துச் சொல்லும். அதைத் தவிர்க்கத்தான் இறக்கும் ஸ்பிரிங்கைக் கடினமாகச் செய்கிறார்கள். கடினமான ஸ்பிரிங் துள்ளலை அடக்க, பழைய ஷாக்கின் பிடி போதாமல் போகலாம். ஏற்கெனவே 60,000, 70,000 கி.மீ. ஓடிய ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங்கைப் போடுவது, பழைய சாக்கில் புது அரிசியைக் கொட்டுவதுபோலத்தான்.

சக்கரத்தின் கோணமும் மாறும். பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் 1940-களில் உருவாக்கிய அமைப்பு இது. காரை இறக்கும்போது இதன் கீழ்க் கை மேல்நோக்கிச் சாய்கிறது. அதிகம் சாய்ந்தால் வளைவில் கார் குறைவாகச் சாய்வதற்குப் பதில், கூடுதலாகச் சாயும் நிலைகூட வரலாம். டயரின் உள்பக்கம் மட்டும் தேயும். அதனால், எந்த ஸ்பிரிங் போட்டாலும் உடனே வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும். ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

வருஷம் முழுக்க ஓட்டினால்?

ஜெர்மனியில் அட்ஜஸ்டபிள் ஸ்பிரிங் வாங்குகிறவர்களின் கவலை, பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு. மரையில் உப்பேறித் துருப்பிடித்தால் பிறகு திருகவே முடியாது. நம் ஊரில் பனி இல்லை. ஆனால், விருத்தாசலத்தில் மாவு மாதிரிக் களிமண் தூசு உண்டு. கோடையில் மரையின் இடுக்கில் போய் அடைந்து, மழையில் ஊறி, மறுபடி வெயிலில் காய்ந்தால் அச்சில் ஊற்றிய களிமண்போல இறுகிவிடும். அடிக்கடி கடலூர் கடற்கரைப் பக்கம் போகிற காருக்கு உப்புக்காற்றும் சேரும். எனவே, வாங்குவதாக இருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீலில் செய்த மரை உள்ளதைப் பாருங்கள். தூசு மறைக்கும் உறை இருக்க வேண்டும். வாட்டர் வாஷுக்கு விடும்போது மரையையும் கழுவச் சொல்லுங்கள். வருஷத்துக்கு இருமுறையாவது தட்டைத் திருகிப் பார்த்து, இறுகாமல் இருக்க கிரீஸ் வகைப் பூச்சு தடவ வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மணிமுக்தாறும் வெள்ளாறும் நிரம்பும் காலம். 40 மி.மீ. இறங்கிய காருக்கு, ரோட்டில் தேங்கிய தண்ணீர் 40 மி.மீ. உயர்ந்ததற்குச் சமம். எஞ்சின் காற்றிழுக்கும் குழாயில் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்து, எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு அபாயம். ரோட்டில் காயப்போட்ட பயிரின் மேல் ஓட்டும்போது தாளும் வைக்கோலும் அடியில் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கலாம். கார் தாழத் தாழ, அள்ளும் வைக்கோலும் கூடும்.

"அப்ப மழைக்கு ஏத்திட்டு, பொங்கலுக்கு அப்புறம் இறக்கிக்கலாமே? அதுக்குத்தானே அட்ஜஸ்டபிள்?" என்று மகன் கேட்பது நியாயம்தான். செய்யலாம். ஆனால், ஒவ்வொரு முறை உயரத்தை மாற்றும்போதும் அலைன்மென்ட் செலவு, ஹெட்லைட் வேலை, அரைநாள் மெக்கானிக் கூலி. அனுபவத்தில் பெரும்பாலோர் ஒரே உயரத்தில் வைத்து மறந்துவிடுகிறார்கள். அந்த உயரம் மழைக்காலத்துக்கான உயரமாக இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஜெர்மனியில் இப்படி மாற்றியவர்கள் டியூவி போன்ற சோதனை அமைப்பிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொள்கிறார்கள். இங்கே ஸ்பிரிங்கை வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு, "சொல்லாமல் மாற்றியிருக்கிறீர்கள்" என்று கிளெய்மில் தகராறு வந்தால், கஷ்டப்படுவது குடும்பம்தான். கம்பெனி வாரன்ட்டியில் இருக்கும் கார் என்றால் சஸ்பென்ஷன் பாகங்களுக்கு அதுவும் சிக்கலாகலாம்.

அப்பாவும் மகனும் ஒத்துப்போக ஒரு வழி

வீட்டில் ஒரே கார். அதுதான் சரக்கு வண்டி, அதுதான் ஆஸ்பத்திரி வண்டி என்றால், இறக்காதீர்கள். ஏற்கெனவே உட்காரும்போது முழங்காலைப் பிடிக்கிற ஆயா, இன்னும் 40 மி.மீ. தாழ்ந்த சீட்டைப் பார்த்து, "தரையில குந்துற மாதிரி இருக்குடா" என்றுதான் சொல்வார். உட்காருவதைவிட அதிலிருந்து எழுந்திருப்பதுதான் அவருக்குப் பெரும்பாடு.

மகனின் ஆசையில் பாதியை வேறு வழியில் தீர்க்கலாம். கார் வளைவில் ஆடுகிறது என்பது குறை என்றால், தேய்ந்த ஷாக், வெடித்த புஷ், காற்றுக் குறைந்த டயர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பழைய காரில் இந்த மூன்றையும் சரிசெய்தாலே வண்டி புதிதுபோல நிற்கும். சக்கர இடைவெளிதான் கண்ணை உறுத்துகிறது என்றால், 185/65 ஆர்15 டயருக்குப் பதில் 195/55 ஆர்16 யோசிக்கலாம். மொத்த விட்டம் இரண்டிலும் கிட்டத்தட்ட 621 மி.மீ.தான், ஸ்பீடோமீட்டர் கணக்கு கெடாது, தரை இடைவெளியும் குறையாது, ஆனால் வீல் பெரிதாகத் தெரியும். உங்கள் மாடலின் உயர்ந்த வேரியன்ட்டுக்குக் கம்பெனியே அந்த அளவைக் கொடுத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவர் மெலிந்த டயர் என்பதால் பள்ளத்தில் கொஞ்சம் நிதானம் தேவை.

சரக்குக்கும் வீட்டுக்கும் வேறு வண்டி இருக்கிறது, இது பையனின் தனிக் கார் என்றால் கதை வேறு. மேலே சொன்ன டேப் சோதனை இடம் கொடுக்கிற அளவுக்குள், அட்ஜஸ்டபிள் செட், அதற்குப் பொருத்தமான ஷாக், எழுத்தில் அனுமதி, அலைன்மென்ட் என்ற வரிசையில் செய்யட்டும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: இது என் மாடலுக்கென்றே செய்ததா? உயரத்தை மாற்றினால் ஷாக்கின் ஓட்டம் குறையுமா? முழுசாகத் தொங்கும்போதும் ஸ்பிரிங் தன் இடத்தில் நிற்குமா? மரை என்ன உலோகம்? இந்த நான்குக்கும் தெளிவாகப் பதில் சொல்லாத கடையில், அன்றைக்குப் பணத்தை எடுக்க வேண்டாம்.

*அடுத்த வாரம்: டயருக்கு நைட்ரஜன் காற்று அவசியமா? பங்க்கில் கேட்கும் காசுக்குப் பலன் உண்டா?*